வந்த பிக்குவுக்கும் வராத பிக்குவுக்கும்: இலங்கைப் பாறைகளில் எழுதிய அரச தானங்கள்

தம்புள்ளைக் குகைக்கோயிலுக்குப் படியேறிப் போகிறவர்கள், உள்ளே படுத்திருக்கும் புத்தரையும் கூரை முழுக்க விரிந்திருக்கும் ஓவியங்களையும் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே இறங்கிவிடுவார்கள். முதல் குகைப் பக்கம் பாறையின் நெற்றியில் ஒரு வரி எழுத்து வெட்டியிருப்பதை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் ஏதோ கீறல் என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே இன்று நாம் பார்க்கும் ஓவியங்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு மூத்தது அந்த வரி. அது ஒரு பத்திரம். இந்தக் குகை இனி இன்னாருடையது என்று ஓர் அரசர் எழுதிக் கொடுத்த பத்திரம்.

பழைய சிங்களக் கல்வெட்டுகள் என்றதும் ஏதோ நிபுணர்களின் சமாசாரம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. தொடக்ககாலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வரியைப் பழகிக்கொண்டால் நூறு வரியின் பொருளை ஊகித்துவிடலாம். தம்புள்ளை வரியையே எடுத்துக்கொள்வோம். தமிழ் எழுத்தில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

தேவனபிய மஹரஜஹ கமணி திஸஹ மஹ லேணே அகத அனகத சதுதிஸ ஸகஸ தினே.

'தேவனபிய' என்றால் தேவர்களுக்குப் பிரியமானவர். 'மஹரஜஹ' என்பது மகாராஜாவுடைய. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'ஹ'தான் நம்முடைய 'உடைய'. அடுத்து வரும் 'கமணி திஸஹ', கமணி திஸ்ஸவுடைய. 'லேணே' என்றால் குகை, 'மஹ லேணே' என்றால் பெரிய குகை. கடைசிச் சொல் 'தினே', கொடுக்கப்பட்டது. நம் 'தானம்' பிறந்த அதே வேர். 'சதுதிஸ' நான்கு திசை. 'ஸகஸ' என்பது சங்கத்துக்கு. சங்கம் என்பதில் உள்ள மெய்யெழுத்தை விழுங்கி 'ஸக' என்று எழுதுவது இந்தக் கல்வெட்டுகளின் வழக்கம். நெடிலையும் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், புரியாததுபோல் இருக்கும் பாதிச் சொற்கள் நமக்குத் தெரிந்த வடசொற்களாகவே முகம் காட்டும்.

மீதம் இருப்பது 'அகத அனகத'. எனக்கு இந்த வரியில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஆகத என்றால் வந்த, அனாகத என்றால் வராத. வந்திருக்கும் பிக்குகளுக்கும், இன்னும் வந்து சேராத பிக்குகளுக்கும், நான்கு திசைச் சங்கத்துக்கும் இந்தக் குகை கொடுக்கப்பட்டது. கேட்பதற்குக் கவிதை மாதிரி இருந்தாலும் இது சட்ட வாசகம். குகையை ஒரு பிக்குவின் பெயரில் எழுதிவைத்தால் அவர் காலத்துக்குப் பிறகு யாருக்குப் போகும்? அவருடைய சீடருக்கா, உறவினருக்கா, திரும்ப அரசருக்கா? அந்தக் கேள்வியே எழாமல் இரண்டு சொல்லில் அடைத்துவிட்டார்கள். இன்னும் பிறக்காத பிக்குவும் இந்தக் குகைக்குப் பங்காளி. அதனால் யாரும் இதை விற்கவோ பிரிக்கவோ முடியாது. ஒரு சொத்தை மனிதர் பெயரில் எழுதாமல் ஓர் அமைப்பின் பெயரில் எழுதும் யோசனை, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே இந்தப் பாறைகளில் தெளிவாக இருக்கிறது.

சரி, யார் இந்தக் கமணி திஸ்ஸ? இங்கேதான் சிக்கல். 'கமணி' என்பது தலைவன் என்ற பொருளில் வரும் பட்டம், 'திஸ்ஸ' என்பது ஊருக்கு நாலு பேர் வைத்துக்கொண்ட பெயர், 'தேவனபிய' என்பதோ பல அரசர்கள் சூடிக்கொண்ட அடைமொழி. ஆண்டுக் கணக்கும் கிடையாது. எழுத்தின் வடிவத்தையும், மகாவம்சம் போன்ற நூல்கள் தரும் அரச வரிசையையும் பக்கத்தில் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். மலையடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் குகைகளைக் கொடுத்தவர் வலகம்பா மன்னர் என்பார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஆட்சியை இழந்து மறைந்து வாழ்ந்தபோது இங்கே அடைக்கலம் புகுந்தவர் என்று ஒரு கதையும் சொல்வார்கள். கல்லில் அவர் பெயரான அபய இல்லை; திஸ்ஸதான் இருக்கிறது. கதை பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே மலையில் பல குகைகள், பல கொடையாளிகள். ஆனால் இந்த ஒரு குகைக்குப் பத்திரம் யார் பெயரில் என்று கேட்டால் கல் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

'தேவனபிய' பட்டத்துக்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. இந்தியாவில் அசோகர் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொண்டார். அவர் காலத்தில் அனுராதபுரத்தில் ஆண்ட திஸ்ஸவும் அதே பட்டத்தை ஏற்றார். 1837-இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப், அசோகர் காலத்து எழுத்தான பிராமியை வாசித்து முடித்தபோது, இந்தியத் தூண்களில் எல்லாம் 'தேவர்களுக்குப் பிரியமான பியதசி' என்று ஒருவர் வந்தார். யார் அவர்? இலங்கையின் திஸ்ஸவாக இருக்குமோ என்றுகூட பிரின்செப் முதலில் நினைத்தார். அப்போது இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஜார்ஜ் டர்னர், பாலி நூல்களைப் புரட்டி, பியதசி என்பது அசோகரின் இன்னொரு பெயர் என்று காட்டினார். அசோகரை அடையாளம் காண இலங்கையின் ஏடுகள் உதவின.

எழுத்து பிராமி. மொழி, பிராகிருதம் மெல்லச் சிங்களமாக உருமாறிக்கொண்டிருந்த நிலையில் உள்ள பழைய வடிவம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு தொடங்கி கி.பி. முதலாம் நூற்றாண்டு வரை வெட்டிய குகைக் கல்வெட்டுகள்தான் முதல் அடுக்கு. கல்வெட்டு அறிஞர் செனரத் பரணவிதான 1970-இல் தொகுத்து வெளியிட்டபோதே 1,200-க்கும் மேல் இருந்தன. மிகிந்தலையிலும் அனுராதபுரத்து வெஸ்ஸகிரியிலும் அம்பாறைப் பக்கம் இராஜகலவிலும் காட்டுப் பாறைகளில் கொத்துக் கொத்தாக இருக்கின்றன.

எங்கே தேடுவது என்று தெரிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். பாறைக் குகையின் மேல்விளிம்பில், புருவம் மாதிரி ஒரு காடி வெட்டியிருப்பார்கள். சிங்களத்தில் அதற்குக் கட்டாரம் என்று பெயர். மேலிருந்து வழிந்து வரும் மழைநீர் பாறையை ஒட்டிக்கொண்டே குகைக்குள் போய்விடாமல், அந்த விளிம்பில் சொட்டி வெளியே விழுந்துவிடும். கல்வெட்டு பெரும்பாலும் இந்தக் காடிக்கு நேர் கீழே இருக்கும். குகையில் படுப்பவர் நனையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, எழுத்தையும் இரண்டாயிரம் ஆண்டு நனையாமல் காத்திருக்கிறது. மதுரைப் பக்கம் மாங்குளம் போன்ற மலைகளில் சமணர் படுக்கைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காடி பழக்கமானதுதான். அங்கே தமிழ் பிராமி, துறவிகள் சமணர், இங்கே பிக்குகள். வேலைப்பாடு ஒன்றே.

இந்த முதல் அடுக்கில் அரசர்கள் சிறுபான்மை. எண்ணிக்கையில் அதிகம் வருகிறவர்கள் 'பருமக' என்ற பட்டம் உடைய ஊர்த்தலைவர்கள். பரணவிதான இதைப் 'பிரமுக' என்ற வடசொல்லோடு சேர்த்தார். தமிழ்ப் 'பெருமகன்' என்பாரும் உண்டு. சண்டை ஓயவில்லை, இங்கே அது நமக்குத் தேவையும் இல்லை. குடும்பத் தலைவர்கள், வணிகர்கள், உபாசிகைகள் என்ற இல்லறப் பெண் பக்தர்கள், பிக்குணிகள்கூடக் கொடையாளிகளாக வருகிறார்கள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் ஒரு குகையில் 'தமேட வணிஜ கஹபதி விஸகஹ லேணே' என்று இருக்கிறது. மேலே பழகிய இலக்கணத்தை வைத்து நீங்களே வாசித்துப் பாருங்கள். தமேட என்றால் தமிழ், வணிஜ வணிகன், கஹபதி குடும்பத் தலைவன், விஸகஹ விசாகனுடைய, லேணே குகை. தமிழ் வணிகன் விசாகன் கொடுத்த குகை. இதே 'தமேட' அனுராதபுரத்தில் தமிழ்க் குடும்பத் தலைவர்கள் கூடிய மண்டபத்துக் கல்வெட்டிலும் வருகிறது. அது மடத்துக்கான கொடை அல்ல. யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஆளாளுக்குப் பெயர் பொறித்த இருக்கைகள். அதில் ஒருவர் கப்பல் ஓட்டும் நாவிகர்.

இனி குகையை விட்டு வெளியே வருவோம். குகை கொடுப்பது ஒருமுறைச் செலவு. காடி வெட்டி, முன்னால் சுவர் எழுப்பிவிட்டால் தீர்ந்தது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் தினமும் சாப்பிட வேண்டுமே? பத்துப் பேர் இருந்தால் ஊருக்குள் பிச்சைப் பாத்திரத்தோடு போய் வரலாம். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரம் வந்த சீனத் துறவி பாஹியான், அபயகிரி விகாரையில் மட்டும் 5,000 பிக்குகள் இருந்ததாக எழுதுகிறார். எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், பாதி என்று வைத்தாலும் அது ஒரு சிற்றூர். அந்த ஊருக்கு நிரந்தர வருமானம் வேண்டும். ஆகவே கொடையின் பொருள் மாறுகிறது. குகைக்குப் பதில் குளம் வருகிறது.

புத்தளம் மாவட்டத்தில் ஆனமடுவவுக்குப் பக்கத்துத் தோணிகலவில், தரையோடு தரையாகக் கிடக்கும் பாறைமேல், தூரத்திலிருந்தே தெரியும் பெரிய எழுத்துகளில் அந்த மாற்றத்தைப் பார்க்கலாம். பருமக அபயவின் மகன் பருமக திஸ்ஸ, தன் 'வபி'யை வந்தவரும் வராதவருமான நான்கு திசைச் சங்கத்துக்குக் கொடுக்கிறார். வபி என்றால் குளம், நம் வாவி. கூடவே கமணி அபய என்ற மகாராஜா இரண்டு ஊர்களை ஒதுக்கித் தருகிறார். ஒரு தலைவர் குளம் கொடுக்க, அரசர் அதற்கு ஊர்களைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு. பழைய குகை வாசகத்தின் 'அகத அனகத' பகுதியை அப்படியே குளத்துக்கும் எழுதிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அச்சு அதே அச்சு, கொடுக்கும் பொருள் மட்டும் வேறு.

வறண்ட மண்ணில் குளத்தைக் கொடுத்தான் என்றால் வெறும் தண்ணீரைக் கொடுத்தான் என்று பொருளில்லை. அந்தத் தண்ணீரில் விளைவதில் ஒரு பங்கு, தண்ணீர் எடுப்பவர் கட்டும் வரி, இவையெல்லாம் அதோடு போகும். கி.பி. முதல் சில நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் 'தகபதி' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். தக என்றால் உதகம், தண்ணீர். பதி என்றால் பங்கு. அரசருக்குச் சேர வேண்டிய நீர்ப்பங்கு. அரசர் அதை மடத்துக்குத் திருப்பிவிடுகிறார். நிலத்துக்காரருக்குச் சேரும் பங்கு 'போஜகபதி'. தானம் என்ற சொல்லுக்குள் இப்போது வரிக்கணக்கு நுழைந்துவிட்டது. இந்தக் காலத்தில்தான் கல்வெட்டுகள் நீளமாகின்றன. தொடக்கத்தில் 'சித்தம்' என்ற மங்கலச் சொல்லும் வருகிறது. நம் கல்வெட்டுகளின் 'ஸ்வஸ்திஸ்ரீ' மாதிரி.

வரியைக் கொடுப்பதற்கு மிக அழகான உதாரணம் தெற்குக் கடற்கரையில் இருக்கிறது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் வளவை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொடவாய என்ற சிற்றூர். கடலைப் பார்த்தபடி ஒரு பாறை. அதில் ஒரு சின்ன வாசகம்: கொடபவத பட்டணத்தின் சுங்கத்தைக் கமணி அப ராஜா விகாரைக்குக் கொடுத்தார். அவ்வளவுதான். கொடபவத என்பது அந்தப் பாறைக்குன்றின் பெயர். அதில் வரும் 'படன', 'ஸுக' இரண்டும் நாம் இன்றும் சொல்லும் பட்டணமும் சுங்கமும்தான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. அரசர் முதலாம் கஜபாகு என்று அடையாளம் காண்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கயவாகு என்ற பெயரில் வருகிறவரும் இவர்தான் என்பார்கள்.

இந்த ஒற்றை வரியைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். துறைமுகத்தில் சரக்கு இறங்குகிறது. அதிகாரி சுங்கம் வாங்குகிறார். அந்தக் காசு அனுராதபுரத்துக் கருவூலத்துக்குப் போகவில்லை. குன்றின் மேலிருக்கும் பிக்குகளின் சோற்றுக்கும் விளக்கெண்ணெய்க்கும் போகிறது. இன்று கொடவாய மீனவர் வலை உலர்த்தும் அமைதியான கரை. அங்கே சுங்கம் வசூலிக்கிற அளவுக்குக் கப்பல் போக்குவரத்து இருந்தது என்பதற்கு இந்தப் பாறை சாட்சி. பிற்பாடு அதே ஊருக்கு எதிரே கடலடியில் மிகப் பழைய கப்பல் சிதைவு ஒன்றும் அகப்பட்டது. மடத்துக்குக் கொடுத்த தானத்தை எழுதப்போய், ஒரு துறைமுகத்தின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

தானியத்தை முதலாகப் போட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. இன்னொரு தோணிகல, இது வவுனியாப் பக்கம், 4-ஆம் நூற்றாண்டு. சிறிமேகவண்ண அரசனின் 3-ஆம் ஆட்சியாண்டில், அரசவையைச் சேர்ந்த ஒருவரின் மகன் நெல்லையும் உளுந்தையும் பயற்றையும் ஒரு வணிகர் குழுவிடம் ஒப்படைக்கிறார். முதலைத் தொடக்கூடாது, வட்டியில் மழைக்காலத்தில் பிக்குகளுக்குச் சோறு போட வேண்டும். தயிர், தேன், எள், வெண்ணெய், உப்பு, கீரை என்று பட்டியலே இருக்கிறது. இது அரச கொடை இல்லைதான். ஆனால் நிரந்தர வைப்பு நிதி என்று வங்கிக்காரர் இன்று சொல்வதை இவ்வளவு துல்லியமாக எழுதிய பாறையை விட்டுவிட மனம் வரவில்லை.

9, 10-ஆம் நூற்றாண்டுகளுக்கு வந்தால் பாறையை விடத் தூண்கள் அதிகம். அத்தாணித் தூண் என்பார்கள். நான்கு பக்கமும் எழுத்து அடைத்திருக்கும். நிலத்தைக் கொடுத்தார் என்பதை விட, அந்த நிலத்துக்குள் யார் யார் நுழையக் கூடாது என்பதே இவற்றில் முக்கியம். அரச அதிகாரிகள் உள்ளே வரக் கூடாது. வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. கூலியில்லாத கட்டாய வேலைக்கு ஆள் இழுக்கக் கூடாது. அடைக்கலம் புகுந்தவரை உள்ளேயே வைத்துப் பிடிக்கக் கூடாது என்று சில தூண்கள் சொல்லும். நம் பக்கம் வரி நீக்கிய நிலத்தை இறையிலி என்றும், சமண பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்ததைப் பள்ளிச்சந்தம் என்றும் எழுதியதன் உறவுக்காரர் இது. ஆனால் இங்கே ஒரு படி மேலே போகிறார்கள். அரசர் தன் நிலத்தையோ வரியையோ அல்ல, தன் அதிகாரத்தையே அந்த எல்லைக்குள் விட்டுக்கொடுக்கிறார். எனக்கென்னவோ தங்கம் கொடுப்பதை விட இது பெரிய கொடை என்றே படுகிறது. கொடுத்தவருக்குப் பின்னால் பல தலைவலிகளும் வந்திருக்கும்.

வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று தூணில் படம் வெட்டுவார்கள். சூரியனும் சந்திரனும் இருந்தால், அவை உள்ளவரை இந்தத் தானம் செல்லும். நம் கல்வெட்டில் 'சந்திராதித்தவல்' என்று எழுதுவதை அவர்கள் வரைந்து காட்டினார்கள். காகமும் நாயும் இருந்தால், இதை மீறுகிறவன் அப்படிப் பிறப்பான். தமிழ்நாட்டுக் கல்வெட்டு, கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று மிரட்டும். அங்கே காகம், நாய்.

கொடை குவிந்தால் கணக்கும் குவியும். 10-ஆம் நூற்றாண்டில் 4-ஆம் மகிந்தன் மிகிந்தலையில் நிறுத்திய இரண்டு பெரிய கற்பலகைகள் கிட்டத்தட்ட ஒரு நிர்வாகக் கையேடு. பிக்குகள் எப்போது எழ வேண்டும், எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதில் தொடங்கி, மடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, எவ்வளவு நிலம் என்று போகிறது. அன்றாடச் செலவை ஏட்டில் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் கணக்கைச் சங்கத்தின் முன் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். பக்கத்திலேயே சாப்பாட்டுக் கூடம். சோற்றையும் கஞ்சியையும் கொட்டிவைத்த நீண்ட கல்தொட்டிகள் இன்னும் கிடக்கின்றன. பலகையை வாசித்துவிட்டு அந்தத் தொட்டிகளைப் பார்த்தால் தகபதி, சுங்கம், நெல்வட்டி எல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது கண்ணெதிரே இருக்கும்.

ஏன் கல்? இதற்கு ஓர் அரசரே பதில் சொல்லியிருக்கிறார். பொலன்னறுவையை 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் தற்பெருமையில் குறை வைக்காதவர். போன இடமெல்லாம் கல்வெட்டு வைத்தவர். தம்புள்ளையில் 73 சிலைகளுக்குப் பொன் பூசியதையும் கல்லில் சொல்லிவிட்டார். நிலக்கொடைகளை ஓலையில் எழுதினால் கறையானும் எலியும் தின்றுவிடும், ஆகவே இனிமேல் செப்பேட்டில் எழுதுங்கள் என்பது அவருடைய ஆணை. அந்த ஆணையையும் கல்லில்தான் வெட்டினார்.

பௌத்த மடங்களுக்கான கல்வெட்டு எல்லாமே சிங்களத்தில் இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். திருகோணமலைப் பக்கம் வெல்கம் விகாரையில், சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர், விளக்கும் பசுவும் கொடுத்த தானங்கள் தமிழில் வெட்டப்பட்டிருக்கின்றன. பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் வைத்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் உறுதி கொடுத்த 12-ஆம் நூற்றாண்டுக் கல்லும் தமிழ்தான்.

நேரில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போது பாறை தானாகவே பேச ஆரம்பிக்கும். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பதோ தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதோ வேண்டாம். ஆய்வாளர்கள் ஈரத்தாளைப் பாறைமேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மையைப் பதமாக ஒற்றிப் படி எடுப்பார்கள். அதற்கு அனுமதியும் பழக்கமும் வேண்டும். நமக்குக் கைப்பேசிப் படம் போதும், பக்கவாட்டிலிருந்து எடுத்தது. முதலில் காடியைத் தேடுங்கள். அதற்குக் கீழே வரியின் கடைசிப் பக்கம் போய், 'ஸகஸ' இருக்கிறதா பாருங்கள். பிராமியில் 'கல்' என்பதில் ஒலிக்கும் 'க' நம் கூட்டல் குறி மாதிரி இருக்கும், ஆனால் 'ஸகஸ'வில் வருவது 'சங்க'வின் 'க'. அது கூரை முனை மாதிரி மேலே சேர்ந்து கீழே விரிந்திருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து நின்றால், சங்கத்தைப் பிடித்துவிட்டீர்கள். அங்கிருந்து பின்னோக்கி நகர்ந்தால் நான்கு திசை, அதற்கும் முன்னால் வராதவர், வந்தவர்.